மொஹீனேர் கோராகுலி: குழு கலைந்த பிறகு வந்த பாட்டு யாருடையது?

தந்தி அறுந்தவன்

பிங்க் ஃப்ளாய்டுக்கும் லெட் செப்பலினுக்கும் இங்கே கொடுத்த இடத்தில் கால்வாசியைக்கூட நம் நாட்டு மொழிகளில் பாடிய ராக் குழுக்களுக்கு நாம் கொடுத்ததில்லை. அதனால் கல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலியைப் பற்றி ஒரு இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக வரலாறு. 1975 வாக்கில் தெற்குக் கல்கத்தாவின் நக்தலா பகுதியில் ஒரு வீட்டில் தொடங்கிய குழு. மையம் கௌதம் சட்டோபாத்யாய். பிரெசிடென்சி கல்லூரி மாணவர். படிக்கும் காலத்திலேயே பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் 'தி அர்ஜ்' என்ற குழுவோடு ஆங்கிலப் பாட்டுகளுக்கு கிதார் வாசித்தவர். பிறகு நக்சல்பாரி இயக்கம், தலைமறைவு, சிறை. வெளியே வந்தபோது சொந்த ஊரில் இருக்க முடியாத நிலை. ஜபல்பூர், போபால் என்று மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகக் கொஞ்ச காலம் சுற்றிவிட்டுக் கல்கத்தா திரும்பினார். திரும்பி வந்தவர் பார்க் ஸ்ட்ரீட் பக்கம் போகாமல் வீட்டிலேயே ஆள் சேர்த்தார்.

ஆள் சேர்த்தார் என்றால், பாதி பேர் குடும்பம்தான். தம்பி பிரதீப் பேஸ் கிதாரும் புல்லாங்குழலும். இன்னொரு தம்பி பிஸ்வநாத் டிரம்ஸ். உறவுக்காரர் ரஞ்ஜன் கோஷால், எழுத்துக்கும் மேடை அமைப்புக்கும். தபஸ் தாஸ், தபேஷ் பந்த்யோபாத்யாய் இருவரும் பாட்டும் கிதாரும். ஆபிரகாம் மஜும்தார் பியானோவும் வயலினும். கௌதம் கிதார், சாக்ஸஃபோன், பாட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுப்பார். மொத்தம் ஏழு பேர். முதலில் 'சப்தரிஷி' என்று கூடப் பெயர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் நிலைத்தது ஜீவனானந்த தாஸ் கவிதையிலிருந்து எடுத்த பெயர். கார்த்திகை மாத நிலவொளியில் மொஹீனின் குதிரைகள் புல் மேய்கின்றன என்று வரும் வரி அது.

வெளியிட்டது மூன்றே மூன்று சிறு இசைத்தட்டுகள். 1977ல் நாலு பாட்டு, 1978ல் இரண்டு, 1979ல் இரண்டு. ஆக எட்டுப் பாட்டு. 1981ல் கலைந்துவிட்டார்கள். ஒருவர் பெங்களூர், ஒருவர் அமெரிக்கா, ஒருவர் ஜெர்மனி. கௌதம் சினிமாவுக்குப் போய் 'நாக்மோதி' எடுத்தார், சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.

இதற்குப் பிறகு எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டார்கள், அன்றைய ஜனங்களுக்குப் புரியவில்லை, சிரித்தார்கள், இருபது வருடம் கழித்து உலகம் உணர்ந்துகொண்டது. அமெரிக்க ராக் குழு வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்குச் சொல்லும் அதே கதையில் ஊர் பெயரை மட்டும் மாற்றியது. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

இன்று கல்கத்தாவில் எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் கூட்டமே சேர்ந்து பாடுவது 'ப்ரிதிபிடா நாகி'. உலகம் சுருங்கிச் சுருங்கி, சாட்டிலைட், கேபிள் வழியாக வரவேற்பறை டிவிப் பெட்டிக்குள் அடைபட்டுவிட்டது என்று தொடங்கும். 1975ல் எந்த வீட்டில் கேபிள் இருந்தது? அந்தப் பாட்டு வந்தது 1995ல், குழு கலைந்து பதினாலு வருடம் கழித்து! 'ஆபார் போச்சோர் கூடி போரே' என்ற தொகுப்பில். கௌதம் புதுப் பையன்களின் குழுக்களையும் பாடகர்களையும் கூட்டி, தன் பாட்டு சிலது, அவர்கள் பாட்டு சிலது என்று சேர்த்து, மொஹீனேர் கோராகுலி என்ற பெயரில் வெளியிட்டார். அடுத்தடுத்து 'ஜொரா சொமொயேர் கான்', 'மாயா', 'க்யாபார் கான்' என்று மேலும் மூன்று. 1999 ஜூனில் இறந்துபோனார்.

என் கட்சி இதுதான். மொஹீனைக் காப்பாற்றியது எழுபதுகளின் அந்த எட்டுப் பாட்டு இல்லை. தன் பெயரை மற்றவர்களுக்குத் திறந்துவிட்ட அந்தத் தொண்ணூறுகளின் வேலைதான். அது நடக்காமல் போயிருந்தால் இன்று பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் மட்டும் பேசும் பெயராக இருந்திருக்கும்.

உங்கள் அபிப்பிராயம்?

---

சும்மா எட்டிப்பார்த்தேன்

'ப்ரிதிபிடா நாகி' யூடியூபில் கேட்டேன். இது 'கேங்ஸ்டர்' படத்து 'பீகி பீகி' ஆச்சே தலைவா??

---

தந்தி அறுந்தவன்

அதேதான். 2006, பிரீதம் இசை. அதைப் பாடிய ஜேம்ஸ் பங்களாதேஷின் 'நகர் பாவுல்' குழுக்காரர் என்பது இன்னும் சுவாரஸ்யம். கல்கத்தா குழுவின் பாட்டு, டாக்கா ராக் பாடகரின் தொண்டை, பம்பாய் சினிமா. கேட்ட கோடிப் பேரில் எத்தனை பேருக்கு மூலம் தெரிந்திருக்கும்?

---

லேக் மார்க்கெட்

நான் கல்கத்தாவில் வளர்ந்த தமிழன், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் (லேக் மார்க்கெட் அங்கே தமிழர்கள் அதிகம் குடியேறிய பகுதி). அதனால் கொஞ்சம் உரிமையோடு சண்டை போடுகிறேன்.

தந்தி சார் சொன்னதில் வரலாறு சரி, தீர்ப்புதான் உதைக்கிறது. எழுபதுகளின் எட்டுப் பாட்டை அவ்வளவு லேசாக ஓரம் கட்டக்கூடாது. முதல் தட்டில் இருக்கும் 'ஹாய் பாலோபாஷி'யைக் கவனித்துக் கேளுங்கள். பாடுகிறவன் தனக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறான். நிலவில் நாணல் காட்டுக்குள் ஓடுவது, பிக்காசோ, புனுவல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர் கேட்டுவிட்டுப் பனியில் விடிகாலையில் வீடு திரும்புவது. மெட்டு சொகுசாகப் போகிறது, கேட்பவனும் சொகுசாக உட்கார்ந்துவிடுகிறான். அப்போது, இத்தனை இருந்தும் ஏன் எதுவுமே பிடிக்கவில்லை என்று ஒரு வரி வந்து விழுகிறது. அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டி டிரம்ஸை அடித்து அழுத்தம் கொடுத்திருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இவர்கள் செய்யவில்லை. படித்த நடுத்தர வர்க்கப் பையன், தோழர்களில் பாதி பேர் செத்துப்போன, மீதி பேர் உள்ளே இருக்கிற ஊரில், இசைத்தட்டும் புத்தகமுமாக உட்கார்ந்திருக்கிறான். நெருக்கடி நிலைக் காலத்துக் கல்கத்தா மொத்தமும் அந்த ஒரு பாட்டில் இருக்கிறது. இதை 1995ல் எழுதியிருக்க முடியாது.

இன்னொன்று. 'ஜனங்களுக்குப் புரியவில்லை' கதையை நானும் நம்பவில்லை, ஆனால் காரணம் வேறு. வங்காளத்தில் சினிமாவுக்கு வெளியே பாட்டு வாங்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் புதுப் பாட்டு வெளியாகும், 'பூஜோர் கான்' என்பார்கள். எச்எம்வி கம்பெனி அதற்கென்று பாட்டு வரிகளோடு 'சாரத் அர்க்ய' என்று தனிப் புத்தகமே போடும். புதுத் துணி, பூஜைச் சிறப்பு மலர், பூஜை இசைத்தட்டு மூன்றும் வீட்டுக்கு வர வேண்டும். சினிமாவில் வராத பாட்டும் ஒரு பண்டம் என்பது அங்கே சந்தைக்காரனுக்குத் தெரியும். எனவே மொஹீன் பாலைவனத்தில் விதைக்கவில்லை. இருந்த சந்தைக்குள் நுழைந்தார்கள், அந்தச் சந்தையின் காதுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஹேமந்தாவும் மன்னா தேயும் பாடிக்கொண்டிருந்த நேரம் அது, போட்டி யாரோடு என்று பாருங்கள்.

ரவீந்திர சதனில் 1979ல் மேடையேறியிருக்கிறார்கள். மாக்ஸ் முல்லர் பவனில் வாசித்திருக்கிறார்கள். 1980ல் ஜாஸ் விழாவில் வாசித்திருக்கிறார்கள். இதையெல்லாம் புறக்கணிக்கப்பட்டவர்கள் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

---

பாதிச்சுருதி

லேக் மார்க்கெட் அண்ணாவின் கட்சிதான் நானும். அதைவிட ஒரு படி மேலே போகிறேன். 1995லிருந்து வந்த அந்தத் தொகுப்புகள் மொஹீனேர் கோராகுலியே இல்லை.

ஏழு பேரில் எத்தனை பேர் அதில் வாசித்தார்கள்? பெரும்பாலும் வேறு ஆட்கள், வேறு குழுக்கள். கௌதமே 'தொகுத்தவர்' என்றுதான் பெயர் போட்டுக்கொண்டார். அப்படியானால் அது ஒரு நல்ல தொகுப்பு, ஒரு தாராளமான மூத்தவர் செய்த நல்ல காரியம். குழுவின் ஆல்பம் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு நான் பத்து பையன்களைக் கூட்டி ஒரு பழைய குழுவின் பெயரில் வெளியிட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

குழு என்றால் குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட அறை, குறிப்பிட்ட சண்டை. அது 1981ல் முடிந்தது.

---

தந்தி அறுந்தவன்

@பாதிச்சுருதி
நீங்கள் கூட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெயரை முதலில் சுமந்தவரே கூட்டினால் யோசிப்பேன்.

அந்தத் தொகுப்புகளைச் சும்மா பல பாடகர்கள் சேர்ந்த கேசட் மாதிரி கேட்க முடியாது. ஒரே காது தேர்ந்தெடுத்தது என்பது கேட்டாலே தெரியும். வரிகளில் ஊர் இருக்கும், கிதார் இருந்தாலும் அடியில் பாவுல், அதாவது வங்காளத்து நாடோடிச் சாமியார்களின் பாட்டு, இருக்கும். எழுபதுகளிலேயே இவர்கள் தங்கள் இசையை 'பாவுல் ஜாஸ்' என்று சொல்லிக்கொண்டவர்கள். கடைசித் தொகுப்பான 'க்யாபார் கான்' பாவுல் பக்கமே போய்விட்டது. குழுவின் ஆட்கள் போனார்கள், காது போகவில்லை என்பது என் எண்ணம்.

---

லேக் மார்க்கெட்

அந்தத் தொகுப்பு வெளியான இடத்தையும் கவனிக்க வேண்டும். கல்கத்தா புத்தகக் காட்சி! அப்போது மைதானத்தில் நடக்கும், புழுதி கிளம்பும், ஊரே வரும். கேசட்டைப் புத்தகம் மாதிரி புத்தகம் வாங்க வந்தவன் கையில் கொடுத்தார்கள். ஜீவனானந்த தாஸை வாசித்தவன்தான் அந்தக் குழுவின் பெயரை அடையாளம் காண்பான், தொகுப்பின் தலைப்பும் அவர் கவிதை வரிதான். சரியான ஆளிடம் சரியான இடத்தில் போய் நின்றார்கள். 77ல் இது நடக்கவில்லை, தட்டு தட்டுக் கடையில் இருந்தது.

அப்புறம் 1992ல் பாடகர் சுமன் 'தொமாகே சாய்' ஆல்பம் போட்டு ஊரைப் புரட்டியிருந்தார். நோசிகேதா, அஞ்சன் தத்தா என்று வரிசையாக வந்தார்கள். கிதாரைத் தூக்கிக்கொண்டு சொந்தமாக எழுதிப் பாடலாம் என்பது ஊருக்குப் பழகிவிட்டது. கௌதம் திரும்பி வந்தபோது கதவு திறந்தே இருந்தது. தந்தி சார் எல்லாவற்றையும் ஒரே ஆளின் தாராள மனசுக்குக் கொடுத்துவிடுகிறார், அதனால்தான் இந்தப் பட்டியல்.

---

யாழ்தேவி

வணக்கம். இழை நல்லாப் போகிறது. ஒரு விஷயம் மட்டும் சொல்லிப்போட்டுப் போகிறேன்.

'முதல் வங்காள ராக் குழு' என்று மொஹீனை எல்லா இடமும் எழுதுகிறார்கள். பங்களாதேஷ்காரர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கோ, அசாம் கான் எங்கே என்று உடனே கேட்பார். விடுதலைப் போரில் துவக்குத் தூக்கினவர், போர் முடிஞ்ச கையோடு 'உச்சாரொன்' குழுவோடு டாக்காவில் பாடத் தொடங்கினவர். இந்திய வங்காளத்தில் முதல் என்று சொன்னால் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, தமிழ். இந்த இழை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஆராவது வந்து 'தமிழில் ஏன் அப்படி ஒன்று வரவில்லை, எல்லாம் சினிமாதான்' என்று எழுதுவீங்கள். அதற்கு முதலே சொல்கிறேன், எங்கட பொப் இசையை மறக்க வேண்டாம். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' எந்தப் படத்தில் வந்தது? ஒரு படத்திலும் இல்லை. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' படத்துக்காகவா பிறந்தது? கிதாரும் பைலாத் தாளமும் யாழ்ப்பாணத்துப் பேச்சுமாக, கலியாண வீட்டிலிருந்து இலங்கை வானொலி வரைக்கும் போன பாட்டுகள். சினிமாவுக்கு வெளியே, தமிழில், சொந்த மெட்டில், எழுபதுகளில். ராக் இல்லை என்று சொல்லலாம், சரி. சுயாதீனம் இல்லை என்று சொல்ல ஏலாது.

---

கால்ஷீட்

யாழ்தேவி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. அதே 'சுராங்கனி'க்கு இங்கே என்ன ஆனது என்றும் சேர்த்துச் சொல்லிவிடலாம். 1977ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்தது. தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு அது சினிமாப் பாட்டு. 'பீகி பீகி' கதைதான், முப்பது வருடம் முன்னால்.

நான் சினிமா இசைக்குழு வட்டாரத்தை ஓரளவு அறிந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். 1975ல் மெட்ராசில் ராக் வாசிக்க ஆள் இல்லாமல் இல்லை. சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டிக்கு இங்கிருந்தும் குழுக்கள் போயிருக்கின்றன. பாடியது ஆங்கிலத்தில். அவர்களுக்குப் பிறகு கிதார் பிடித்த கை எல்லாம் எங்கே போனது? ரெக்கார்டிங் தியேட்டருக்கு. 1976ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு இளையராஜாவின் குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள். கிதார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல், டிரம்ஸ் புருஷோத்தமன். இந்த மூன்று பேரும் ஒரு பேஸ் கிதாரும் போதும், எந்த ஊர் மேடையிலும் நிற்கும் ராக் குழு தயார். ஆனால் காலை ஒரு கால்ஷீட், மதியம் ஒரு கால்ஷீட் என்று வேலை இருக்கும்போது எவன் ஒத்திகைக்கு வருவான்? காசும் அங்கே, கண்டக்டரும் அங்கே, கேட்கும் கூட்டமும் அங்கே. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் கிடைத்த முப்பது செகண்ட் இடையிசையில் அவர்கள் செய்த ராக் எத்தனையோ உண்டு, அதற்கெல்லாம் தனிப் பெயர் கிடையாது.

ரகுமானும் இந்த வழிதான். 'ரோஜா'வுக்கு முன் 'ரூட்ஸ்' குழுவில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் எல்லோரோடும் கீபோர்டு வாசித்தவர், 'நெமிசிஸ் அவென்யூ' என்று ராக் குழுவும் வைத்திருந்தவர். 1992க்குப் பிறகு சொல்ல வேண்டியதில்லை.

கல்கத்தாவில் இப்படி இழுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய சினிமா இல்லை. இழுத்துக்கொண்டிருந்தால் பம்பாய்தான் இழுத்திருக்கும். மொஹீன் ஏழு பேருக்கு நக்தலாவிலேயே உட்கார்ந்து வாசிக்க நேரம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

---

பாதிச்சுருதி

> கல்கத்தாவில் இப்படி இழுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய சினிமா இல்லை

கௌதமே சினிமாவுக்குப் போனாரே! தமிழ்நாட்டில் இசைக்காரனைச் சினிமா இசைக்காரனாகவே எடுத்துக்கொண்டது, அங்கே இயக்குநராக ஆக்கியது. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை :)

---

கூத்துப்பட்டறை கேட்டான்

தமிழில் சினிமாவுக்கு வெளியே பாட்டு இல்லை என்பதே தவறான தொடக்கம். பக்திப் பாட்டுக் கேசட்டுக்கு இருந்த சந்தை எவ்வளவு பெரிது! நாகூர் ஹனீபா திமுகவுக்குப் பாடிய பாட்டுகளை மாநாட்டுப் பந்தலில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடிய கானா. லேக் மார்க்கெட் சொன்ன 'பூஜைத் தட்டு' மாதிரி நமக்கும் இருந்தது, அது ஒரே கடையில் இல்லாமல் கோயில், கட்சி, சாவு வீடு என்று பிரிந்து கிடந்தது. நடுத்தர வர்க்கத்துப் பையன் தன் வெறுமையைப் பாடுவதற்குத்தான் இங்கே மேடை இல்லை. சபா அவனைச் சேர்க்காது, கட்சிக்கு அவன் தேவையில்லை.

அதனால்தான் இங்கே அது வந்தபோது வேறு இடத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம், தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கூட்டிய குழு, 19 பேர். பறை, சட்டி, கானா, ராப், எலெக்ட்ரிக் கிதார். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து. இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் மேடையில் பாடிய குழு. பிறகு ராப் பாடகர் அறிவு தனியாகப் போனார், கானா பாடகி இசைவாணியின் பெயர் 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தது.

தந்தியின் வாதத்துக்கு இது பலமா பலவீனமா என்று நீங்களே சொல்லுங்கள். இது தொடக்கத்திலேயே கூட்டாகத் தொடங்கியது. மொஹீன் இருபது வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்த இடத்தில் இவர்கள் முதல் நாளே நின்றார்கள்.

---

தந்தி அறுந்தவன்

பலம்தான், ஆனால் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். கலெக்டிவுக்குப் பின்னால் ஒரு அரசியல் இருந்தது, அமைப்பு இருந்தது, புகழ் பெற்ற இயக்குநர் இருந்தார். ஆட்கள் மாறினாலும் ஏன் கூடினோம் என்ற கேள்விக்குப் பதில் மாறவில்லை. 95ல் கௌதம் கூட்டியவர்களுக்குப் பொதுவான கொள்கை என்று எதுவும் கிடையாது. கவிதை, நையாண்டி, காதல், வீடு திரும்புதல் என்று ஆளுக்கு ஒரு பக்கம். அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு மனிதரின் ரசனை. அவர் இறந்ததும் அந்தத் தொகுப்புகள் நின்றுபோனதற்கும் அதுவே காரணம். அடுத்த தொகுப்பை யார் போடுவது? பெயர் எல்லோருக்கும் சொந்தம், கத்தரிக்கோல் ஒருவர் கையில்தானே இருந்தது.

கூத்துப்பட்டறை சொன்ன 'நடுத்தர வர்க்கத்துப் பையனுக்கு மேடை இல்லை' என்பதை நான் அப்படியே ஏற்கிறேன். ரொம்ப நாளாக எனக்குப் பிடிபடாமல் இருந்த இடம் அது.

---

குண்டலினி எக்ஸ்பிரஸ்

பக்கத்து வீட்டை யாரும் சொல்லவில்லையே? திருவனந்தபுரத்து ராக் குழு 'அவியல்'. 2003ல் 'நட நட' வீடியோ டிவியில் ஓடியது. ஆல்பம் வந்தது 2008ல். நடுவில் முதல் பாடகர் விலகி, டோனி ஜான் மைக்கைப் பிடித்தார். ரெக்ஸ் விஜயன் கிதார், நரேஷ் காமத் பேஸ், மிதுன் டிரம்ஸ்.

தமிழ் ஆட்கள் அவசியம் கேட்க வேண்டியது அந்த ஆல்பத்தின் 'ஆடு பாம்பே'. வரிகள் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. நம் பாம்பாட்டிச் சித்தரை வாசித்தவனுக்கு முதல் அடியிலேயே மயிர்க்கூச்செறியும், அதே பாம்பு, அதே ஆட்டம். குரு தமிழ்ச் சித்தர் மரபை நன்றாக அறிந்தவர், தமிழிலும் எழுதியவர். அதை டிஸ்டார்ஷன் கிதாரோடு மலையாளிப் பையன்கள் வாசித்துவிட்டார்கள். சித்தர் பாடல் முழுக்க நம் கையில் இருந்தும் நம்மில் யாரும் அந்த அளவுக்குச் செய்யவில்லையே என்று எனக்குப் பொறாமைதான்.

மொஹீனுக்கு பாவுல், இவர்களுக்கு நாட்டுப் பாட்டும் குருவும். உள்ளூர் மொழியில் ராக் என்றாலே எல்லோரும் முதலில் போய்த் தட்டுவது சாமியார் வீட்டுக் கதவைத்தான் போலிருக்கிறது.

---

லேக் மார்க்கெட்

குண்டலினி, கடைசி வரி நன்றாக இருக்கிறது, ஆனால் மொஹீனுக்கு முழுசாகப் பொருந்தாது. எழுபதுகளின் எட்டுப் பாட்டில் சாமியாரைவிட ஊர்தான் அதிகம். முதல் தட்டின் தலைப்பிலேயே கல்கத்தா இருக்கிறது. பாவுல் வாடை தூக்கலாக வருவது பின்னால்தான். கௌதமுக்கு பாவுல் பாடகர்களோடு நீண்ட பழக்கம் உண்டு, அதை மறுக்கவில்லை.

பாதிச்சுருதி குழு 1981ல் முடிந்தது என்றார். ஒரு விஷயம் சொல்கிறேன். 2023 தொடக்கத்தில் தபஸ் தாஸுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று செய்தி வந்தது. ஏழு பேரில் ஒருவர், ஊரில் எல்லோருக்கும் 'பாபி தா'. சிகிச்சைக்குப் பணம் இல்லை. கல்கத்தாவின் குழுக்கள் கூடி நிதிக்காகக் கச்சேரி நடத்தின, எல்லைக்கு அந்தப் பக்கம் டாக்காவிலிருந்தும் கை நீண்டது. பிறகு மாநில அரசு எஸ்எஸ்கேஎம் மருத்துவமனையில் சிகிச்சைப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அந்த ஜூனில் இறந்துவிட்டார். மேடையில் ஏறிய பாதிப் பேர் 1981ல் பிறந்தே இருக்க மாட்டார்கள். எட்டுப் பாட்டுக்காகவா வந்தார்கள், தொகுப்புகளுக்காகவா வந்தார்கள் என்று நாம் இங்கே பிரிக்கிறோம். அவர்கள் பிரிக்கவில்லை.

---

பாதிச்சுருதி

அண்ணா, அது பாசம். நான் பேசுவது கணக்கு. பாசத்தால் ஆல்பத்தின் அட்டை மாறாது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ளலாம். கௌதமின் மகன் டிரம்ஸ் வாசிக்கும் லக்கிச்சாடா குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மொஹீன் பெயரைத் தூக்கிக்கொண்டு திரியாமல் தங்கள் பெயரில் தங்கள் பாட்டை வாசிக்கிறார்கள். வாரிசு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

---

நெறியாளர்

நடுவில் 'ராக் எல்லாம் நம் பண்பாடா' என்று தொடங்கிய ஏழெட்டுப் பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய்த் தாராளமாக அடித்துக்கொள்ளலாம்.

---

சும்மா எட்டிப்பார்த்தேன்

எல்லாம் படித்தேன். வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

---

தந்தி அறுந்தவன்

95 தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒலிப்பதிவு காதுக்குப் பழகியதாக இருக்கும். 'ப்ரிதிபிடா நாகி' ஏற்கெனவே தெரியும், அதன் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு முறை கவனியுங்கள். உலகமே கைக்குள் வந்துவிட்டது, ஆனால் நட்சத்திரங்கள் ஒளியாண்டுக் கணக்கில் விலகிப் போவது மாதிரி நீயும் நானும் விலகிப் போகிறோமே என்று வரும். 'பீகி பீகி'யில் இந்த விஷயம் கிடையாது. அப்புறம் மெதுவாகப் பின்னால் போகலாம்.

---

லேக் மார்க்கெட்

கேட்காதீர்கள் இவர் பேச்சை. 1977 தட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். எட்டே பாட்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒலி கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஹெட்போன் போட்டால் புல்லாங்குழலும் வயலினும் பிரிந்து கேட்கும். 'சைத்ரேர் காஃபன்' வரும்போது வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வரிகளின் அர்த்தம் வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், பாட்டுக்குப் பாட்டு எழுதுகிறேன்.

---

யாழ்தேவி

இரண்டு பேரும் சொல்லி முடிச்சாச்சா? தம்பி, முதலில் 'சின்ன மாமியே' கேளும். மொழி விளங்கும்.